அடுத்தாள் பங்கு

சீரிஸில் கலகம் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கப் பின்னால் ஒரு விசாரணைக் குழு வந்தது. வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள், வதந்தி, வெளியாட்களின் தூண்டுதல், ஜனங்களின் அறியாமை என்று காரணங்களை அடுக்கிவிட்டுக் கப்பலேறினார்கள். சந்தனமாரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கப்போகிறது? கேட்கவேண்டிய ஆளிடம், கேட்கவேண்டிய நேரத்தில், தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் சொல்லிப் பார்த்தாயிற்று.

சீரிஸ் என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் குட்டிக் கோள். அங்கே காற்று இல்லை, பனிக்கட்டி உண்டு. பனியை வெட்டி, உருக்கி, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கப்பல்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலைக்காகத்தான் மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து ஆட்களை ஒப்பந்தம் போட்டுக் கூட்டிப்போனார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம் என்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பூமி என்ற பேச்சே போய், அரசாங்க வழக்கப்படி 'தாய்க்கோள்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். பெற்ற தாய்கூடப் பிள்ளையிடம் அத்தனை வேலை வாங்கமாட்டாள்.

சந்தனமாரி அந்த ஜனங்களில் பிறந்து, படித்து, ஆளுநர் மாளிகையில் விளக்க அலுவலர் ஆனவள். ஆளுநர் சொல்வதை ஜனங்களுக்கு விளக்கவேண்டும், ஜனங்கள் சொல்வதை ஆளுநருக்கு விளக்கவேண்டும். உண்மையில் அவள் செய்த வேலை வேறு. ஆளுநரின் பேச்சில் இருந்த திமிரை எடுத்துவிட்டு ஜனங்களிடம் சொல்வாள். ஜனங்களின் பேச்சில் இருந்த வசவை எடுத்துவிட்டு ஆளுநரிடம் சொல்வாள். நடுவில் எடுத்ததையெல்லாம் அவளே விழுங்கிக்கொள்வாள். வயிற்றுப்புண் வந்ததுதான் மிச்சம்.

மாளிகையும் கப்பல்துறையும் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வெகுதூரத்தில், வெள்ளைவெளி என்ற பனிச்சமவெளிக்கு அந்தப் பக்கம் இருந்தன. போய்வர ஒரு ரயில்பெட்டி உண்டு. ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். நடந்து போகவேண்டுமென்றால் ஒரு சிலிண்டர் நிறையக் காற்று வேண்டும். சீட்டு சந்தனமாரியைத் தவிர யாருக்கும் கிடைக்காது, நிறைந்த சிலிண்டரும் பின்னால் யாருக்கும் கிடைக்காமல் போயிற்று.

சங்கடமே அந்தச் சிலிண்டரில்தான் ஆரம்பித்தது.

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் ஒரு சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாகப் போவார்கள். ஷிப்ட் முடிந்ததும் சிலிண்டரைக் கொண்டுவந்து நிரப்புக்கூடத்தில் மாட்டுவார்கள். அதே சிலிண்டரை அடுத்த ஷிப்ட்டில் இன்னொருவர் எடுப்பார். மாட்டும்போது அளவுமுள், காலி என்று காட்டும் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கவேண்டும். அதற்கு அடுத்தாள் பங்கு என்று பெயர். முதலில் வந்தவர்கள் காலத்தில் நிரப்பும் இயந்திரம் பாதி நாள் படுத்துக்கொள்ளுமாம். எடுக்கிற ஆள் நாலு மூச்சாவது விடட்டும் என்று ஆரம்பித்த வழக்கம். இயந்திரம் சரியான பிறகும் வழக்கம் நிலைத்துவிட்டது. காற்று போதாவிட்டால் சிலிண்டரின் திருகைக் குறைத்துவைத்து மெல்ல இழுப்பார்களே தவிர, பங்கில் கைவைக்கமாட்டார்கள்.

சிலிண்டரைக் காலியாக மாட்டினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். உனக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெண் தருவதாக வாக்குக் கொடுத்த வீட்டார் கடைசி நேரத்தில் மாற்றிப் பேசியதற்காக இருளப்பன் என்பவர் ஒருமுறை அப்படி மாட்டியிருக்கிறார். அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை கேன்டீனில் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

இப்படி இருந்த ஊருக்குத்தான் தாய்க்கோளிலிருந்து புது நிரப்பி வந்திறங்கியது.

"அது யாரையும் ஏமாற்றாது," என்று ஆளுநர் வாஸ் விளக்கினார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் சனியன். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்துவிடலாம். எதிரே உட்காரச் சொல்லி, தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்து, மாளிகைக்குள் கண்ணாடிக் கூண்டில் வளர்க்கும் எலுமிச்சை மரத்தைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டு பேசுகிறவர். "ஒரு சிலிண்டரில் நேற்று எவ்வளவு செலவானது என்று பார்க்கும். இன்று அவ்வளவு நிரப்பும். இரண்டு நாள் தொடர்ந்து காலியாக வந்தால் முழுதாக நிரப்பும். மீதம் வந்தால், அந்த மீதம் தேவையில்லை என்று புரிந்துகொண்டு அந்த அளவைக் குறைக்கும். இதைவிட நியாயம் உண்டா?"

சந்தனமாரி டீயைக் கீழே வைத்தாள். குறைத்து நிரப்பினால் குறைந்ததிலும் அவர்கள் பங்கு வைப்பார்கள், அதைப் பார்த்து அது இன்னும் குறைக்கும், அப்புறம் அதிலும் வைப்பார்கள் என்று சொன்னாள். இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டாள்.

"தேவையான இடத்தில் நிற்கும்."

நிற்கவில்லை. மாதாமாதம் முள் கீழே இறங்கியது. ஆட்கள் திருகை இன்னும் குறைத்தார்கள். பேச்சு குறைந்தது, நடை தளர்ந்தது, படியேறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிஞ்சிய காற்று கப்பலேறியது. ஆளுநருக்குத் தாய்க்கோளிலிருந்து பாராட்டு வந்தது. பேராசிரியர் ஒருவர் இந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்து, சீரிஸில் பிறந்தவர்களுக்கு இயற்கையிலேயே மூச்சு குறைவாகத்தான் தேவைப்படுகிறது என்று நிரூபித்தார். அதை வாஸ் அவளுக்குத் திரையில் காட்டினார், உறவுக்காரரின் நல்ல செய்தியைக் காட்டுவதுபோல.

அவள் எத்தனை முறைதான் போயிருப்பாள்! ஒவ்வொரு முறையும் ரயில்பெட்டியில் உட்கார்ந்து வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே போவாள். ஒவ்வொரு முறையும் அவர் அதே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துவார்.

"பசிக்கிறது என்கிறவன் தட்டில் சோறு மீதி வைப்பானா?"

"வீட்டில் இன்னொருத்தன் சாப்பிட வரவேண்டியிருந்தால் வைப்பான் ஐயா."

"அந்த இன்னொருத்தனுக்கும் நாம்தானே பரிமாறுகிறோம்? நம்பிக்கை வையுங்கள் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல், சாண்டா." அவள் பெயரை அவர் அப்படித்தான் சொல்வார். பங்கு வைப்பது என்றால் என்ன என்பதுவரை சொல்லிவிடுவாள். காலியாக மாட்டுவது என்றால் என்ன என்ற மறுபாதிக்கு வருவதற்குள் அவர் கையை உயர்த்திவிடுவார். மூடநம்பிக்கைகளில் அவருக்கு ஆர்வம் இல்லை.

கல்லில் முட்டிக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு. சரி, அந்தப் பக்கம் நகராவிட்டால் இந்தப் பக்கமாவது நகரட்டும் என்று ஒருநாள் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்தாள். பங்கு வைக்காதீர்கள், ஒரு மாதம் எல்லோரும் காலியாகவே மாட்டுங்கள், அந்த மிஷின் தன்னால் முழுசாக நிரப்பும், அது அவ்வளவுதான் என்று கெஞ்சினாள். யாரும் கோபப்படவில்லை. அசிங்கமான வார்த்தையைச் சொன்ன குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

அவளுடைய அண்ணன் சுடலைமணிதான் வாயைத் திறந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். வீட்டில் அவன் குறட்டைக்குப் பயந்து எல்லோரும் முன்னாலேயே தூங்கிவிடுவார்கள். இப்போது நாலு வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"நீ சொல்லுதது புரியுதுட்டி. ஆனா நான் காலியா மாட்டுத சிலிண்டரு குரூஸு கைக்குத்தான போவும்? அவன் எனக்கு என்ன செஞ்சான்?"

குரூஸ் அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். வெட்கப்பட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தான்.

எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் அதில் என்ன அவமானம் என்று சந்தனமாரி விடாமல் கேட்டாள். அதற்கு மதினி பொன்னுத்தாய் பதில் சொன்னாள்.

"பேசி வச்சுக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் செருப்பால அடிச்சுக்கலாம், வலிக்காதுன்னு சொல்லுத. அடி அடிதானட்டி மாரி?"

சந்தனமாரிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்தப் பக்கம் ஒரு மனிதர் எண்களைத் தவிர எதையும் நம்பமாட்டேன் என்கிறார். இந்தப் பக்கம் இத்தனை பேர் செத்தாலும் மரியாதையை விடமாட்டோம் என்கிறார்கள். நடுவில் தான் ஒருத்தி இருவருக்கும் புரியும் பாஷையில் கத்திக்கொண்டிருக்கிறோம், கத்தி என்ன புண்ணியம் என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் நடக்கவேண்டியது நடந்தது.

தூரத்துக் குகையில் வேலை முடிந்து சுடலைமணி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். காற்று வாசல்வரை வரும், பங்குக்குக் காணாது என்று தெரிந்திருக்கிறது. எல்லோரும் செய்வதுபோலத் திருகைக் குறைத்திருக்கிறான். அப்படியும் காணாது என்று இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கிறான். மூளைக்குக் காற்று போகாவிட்டால் மயக்கம் சொல்லிக்கொண்டா வரும்? சரிந்து விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. குரூஸ் தேடிப்போய்த் தோளில் போட்டுத் தூக்கிவந்தான். முதுகிலிருந்த சிலிண்டரில் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே, வழக்கமான விரற்கடையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

சந்தனமாரி அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது குரூஸ் வந்தான்.

"அக்கா, மணியண்ணன் சிலிண்டர நாந்தான் கொண்டுபோய் மாட்டுனேன். மாட்டித்தான ஆவணும்." அவன் குரல் உடைந்தது. "அண்ணன் மிச்சம் வச்சதப் பாத்துட்டு, அடுத்த ஷிப்ட்டுக்கு அது இன்னுங் கொறச்சிட்டுக்கா."

அதுவரை அழாமலிருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

மாளிகையிலிருந்து அழைப்பு வந்தது. ஆளுநர் எழுந்து நின்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். அவர் வருத்தம் பொய்யில்லை, கண்கூடக் கலங்கியிருந்தது. மரத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைப் பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து முடிவு சொல்லிவிட்டார்கள். சிலிண்டரில் காற்று இருந்திருக்கிறது. ஆகவே இது காற்றுக் குறைவால் நேர்ந்த மரணம் ஆகாது. கருவியைச் சரியாகப் பயன்படுத்தாத தொழிலாளியின் கவனக்குறைவு.

"இதை நீ சொன்னால் கேட்பார்கள்," என்றார். "உன் சொந்த அண்ணன் என்பதால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்."

கையிலிருந்த பழத்தை அவள் பார்த்தாள். இந்த ஆளுக்கு இதற்குமேல் எப்படித்தான் சொல்வது? இன்றைக்கு மறுபாதியிலிருந்து ஆரம்பிப்போம், ஒரேயொரு முறை, கடைசி முறை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, எங்கள் ஆட்கள் ஒரு சிலிண்டரைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு..."

அவர் கையை உயர்த்தினார். "இன்று வேண்டாம், சாண்டா. நீ துக்கத்தில் இருக்கிறாய்."

அவ்வளவு கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுக்காகவே அவரை அவளால் மன்னிக்க முடியாமல் போயிற்று.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் கேன்டீனில் கூடினார்கள். சந்தனமாரி எழுந்து நின்று மாளிகையின் முடிவைச் சொன்னாள். எப்போதும்போல மழுப்பியிருக்கலாம். விசாரணை நடக்கிறது, ஆளுநருக்கு ரொம்ப வருத்தம், நல்லது நடக்கும் என்று சொல்லி அந்த நாளை ஓட்டியிருக்கலாம். இத்தனை வருடம் அந்த மழுப்பலில்தான் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் எதையும் விழுங்கவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னாள். இயற்கையிலேயே மூச்சு குறைவாகத் தேவைப்படும் ஜனங்கள் என்று பேராசிரியர் நிரூபித்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

கூடத்தில் ஒரு சத்தமில்லை. சத்தம் போடுமளவுக்கு யாரிடமும் காற்றும் இல்லை.

"அப்பம் மிச்சம்னா என்னன்னே அவுகளுக்குத் தெரியாது. அப்படித்தான?" என்று பொன்னுத்தாய் கேட்டாள். தாலி கழற்றிய கழுத்தை முந்தானையால் மூடியிருந்தாள்.

"தெரியாது மதினி."

"நீ சொல்லலியாட்டி?"

"சொன்னேன். எத்தனையோ வாட்டி சொன்னேன்."

பொன்னுத்தாய் தலையாட்டினாள். எலுமிச்சம்பழம் மேசைமேல் இருந்தது. அதை அவள் தொடவில்லை, யாரும் தொடவில்லை. "அவுகளுக்குக் காலி ஒண்ணுதான் புரியும்னா, காலியாவே குடுத்துருவோம்," என்றாள்.

அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று சந்தனமாரிக்குத் தெரியாது. அவளை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். மாளிகையில் வேலை பார்க்கிறவள் முன்னால் பேசவேண்டாமென்று நினைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே போனாள். அண்ணன் செத்த துக்கத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்துக்கும் ஆகாதவள், இந்தப் பக்கத்துக்கும் ஆகாதவள்.

இரண்டு நாள் கழித்து ஆளுநரே ரயில்பெட்டி ஏறிக் குடியிருப்புக்கு வந்தார். அப்படி வருவது அபூர்வம். முகமெல்லாம் சிரிப்பு. நிரப்புக்கூடத்துக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு மாடம் உண்டு, அங்கே சந்தனமாரியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். கீழே ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்தவர்கள் ஒரு வரிசையாகவும் வேலைக்கு இறங்குகிறவர்கள் எதிர் வரிசையாகவும் நின்றார்கள். முடித்து வந்தவர் தன் மாஸ்க்கைக் கழற்றி எதிரே நின்றவர் முகத்தில் வைத்தார். அவர் கண்ணை மூடிப் பங்கு முழுவதையும் நிதானமாக இழுத்தார். பிறகு முடித்தவர் திருகை முழுக்கத் திறந்துவிட்டு, முள் படுத்துவிட்டதா என்று பார்த்து, சிலிண்டரை இயந்திரத்தின் கொக்கியில் மாட்டினார். அடுத்தவரும் அப்படியே. இருளப்பனின் பேரனும் அந்த இன்னொரு வீட்டுப் பையனும்கூட ஒருவர் எதிரே ஒருவர் நின்றிருந்தார்கள்.

அடுத்தாளின் பங்கை அடுத்தாளுக்கே நேரில் கொடுத்துவிட்டார்கள். இயந்திரத்துக்குத்தான் காலி. அந்த இயந்திரம் யாருடையதோ அவருக்குத்தான் காலி.

"பார், பார்! எல்லாம் பூஜ்யம்," என்றார் ஆளுநர் வாஸ். "நேற்றிலிருந்தே இப்படித்தான். கடைசியில் உன் விளக்கம் பலித்துவிட்டது. அடுத்த ஷிப்ட்டிலிருந்து எல்லோருக்கும் முழுச் சிலிண்டர்! இதைத்தானே அவர்கள் கேட்டார்கள்?"

முழுச் சிலிண்டர். வெள்ளைவெளியை நடந்தே கடந்துவிடலாம். அந்தப் பக்கம் மாளிகை, கப்பல்துறை, அவர்கள் வெட்டியெடுத்த காற்றையெல்லாம் வயிற்றில் நிரப்பிக்கொண்டு நிற்கும் கப்பல்கள். வேலை முடிந்தும் கீழே யாரும் வீட்டுக்குப் போகாமல் நின்றதன் காரணம் அவளுக்கு அப்போது விளங்கியது.

அப்போதுதான் பார்த்தாள், தூணோரம் இயந்திரத்தில் மாட்டாமல் ஒரு சிலிண்டர் தனியாகத் தொங்கியது. அதன்மேல் அண்ணனுடைய எண். அவனுக்குப் பதிலாக ஷிப்ட்டுக்குப் போக ஆரம்பித்திருந்த பொன்னுத்தாய் அதன் பக்கத்தில் நின்று, மேலே மாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாடத்திலிருந்தே முள் தெரிந்தது. சிவப்புக் கோட்டுக்கு மேலே, ஒரு விரற்கடை.

"அவர்கள் முகமூடி மாற்றிக்கொள்கிறார்களே, அது என்ன சடங்கு?" என்று வாஸ் கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர் தானாகக் கேட்டார். "எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது இருக்கிறதா, சாண்டா?"

இத்தனை வருடம் இந்த ஒரு கேள்விக்காக அவள் தவமாய்த் தவமிருந்தவள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிடம் பேசினால் போதும். நிரப்பி நின்றுவிடும், வாசல் அடைபட்டுவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். பழையபடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"ஒன்றுமில்லை ஐயா," என்றாள். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது."

படியிறங்கிக் கீழே போனாள். வரிசை விலகி அவளுக்கு வழிவிட்டது. மதினி சிலிண்டரை எடுத்து மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்துப் பிடித்தாள். அதில் அண்ணனின் வியர்வை வாடை இன்னும் போகவில்லை. சந்தனமாரி தன் பங்கை மெல்ல, கொஞ்சமும் மிச்சமில்லாமல் இழுத்தாள். பிறகு திருகை முழுக்கத் திறந்து, முள் படுக்கும்வரை காத்திருந்து, மாடத்தைப் பார்த்தபடி அதைக் கொண்டுபோய் இயந்திரத்தில் மாட்டினாள்.

மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஆளுநர் மகிழ்ச்சியோடு கைதட்டினார்.